நாடற்றோர் நாடு பெற்ற வரலாறு

ஒருவன் தான் பிறந்த மண்ணைத் தன் நாடென்று கருதுதல் இயல்பு. ஆயினும், அந்நாட்டரசு அவனைத் தன் குடிமகன் என ஏற்றற்குச் சட்டம் வேண்டும். வாக்குரிமையும் அரசுப் பணியில் அமரும் உரிமையும் குடியுரிமையாகிய அடித்தளத்தின்மேல் நிற்பன. அத்தளம் பெயருமாயின் அவையும் பெயரும். இவ்வுண்மையை இலங்கை மலையகத் தமிழர் வரலாறு நன்கு உணர்த்தும்.

மாணவர்களே! ஆலங்குளத்தைச் சூழ்ந்த நம் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி என்பதை நீவிர் அறிவீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மழை பொய்த்த காலங்களில், நம் தென்மாவட்டத்து ஏழை மக்கள் பலர் கங்காணிகளின் பின்னே கடல் கடந்தனர். ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் முதலிற் காப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். காடு திருத்தியும் கொழுந்து பறித்தும் அத்தோட்டங்களை வளர்த்தவர் இம்மக்களே. லயம் என்னும் வரிசை வீடுகளே இவர்தம் உறைவிடம். அங்கே மக்களும் பேரரும் பிறந்தனர்.

1948ஆம் ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டமும் இயற்றப்பட்டது. அங்குப் பிறந்தவனும், தன் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்டங்களில் இதற்குச் சான்று ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் இழந்தனர். அரசுப் பணியின் வாயிலும் அவர்க்கு அடைபட்டது. தம் இனத்தவர்க்கு நேர்ந்த இவ்வநீதியைத் தந்தை செல்வா எனப்பட்ட செல்வநாயகம் எதிர்த்து நின்றார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உடன்பாடு செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அம்மக்களின் விருப்பம் முதற்கண் கேட்கப்படவில்லை. ஒரே குடும்பத்தார் இரு கரைகளிற் பிரிந்து வாழவும் நேர்ந்தது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன.

மலையகத்தில் எஞ்சியோர் சோர்ந்திலர். தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தித் தொண்டமான் அறவழியிற் போராடினார்; 1978இல் அந்நாட்டின் அமைச்சரும் ஆனார். 1988இல் ஒரு சட்டமும், 2003இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் பின்னைய சட்டம் குடியுரிமை நல்கிற்று. சட்டம் பறித்ததைச் சட்டமே மீட்டளிக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மாணவர்களே! உங்கள் பிறப்புச் சான்றிதழைச் சிறு தாள் என்று எண்ணற்க. அத்தகைய தாளொன்று இன்மையால் இரண்டு தலைமுறையினர் வாடினர். நாளை நீவிர் சட்டமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பீர். உங்களுள் சிலர் சட்டம் இயற்றவும் கூடும். அப்போது, சான்று காட்ட இயலாத எளியோனையும் நினைந்து செயலாற்றுவீராக.