எந்தக் கசப்பு எந்த வயிற்றுக்கு?

நாட்டு மருந்துக் கடையில் போய், "வயிறு மந்தமா இருக்கு, கசப்பா ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் நிலவேம்புப் பொடிதான் கைக்கு வரும். கசப்பு ஏற ஏறக் குணமும் ஏறும் என்கிற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. என் கட்சி வேறு. செரிமானத்துக்குச் சோற்றோடு இறங்குகிற கசப்பே போதும். கஷாயக் கசப்பைக் காய்ச்சலுக்கு விட்டுவிடலாம்.

கசப்பு பட்டதும் வாயில் எச்சில் ஊறுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மனித உடலில் சுமார் 25 வகைக் கசப்பு உணர்விகள் உண்டு. அவை நாக்கோடு நிற்பதில்லை, இரைப்பையிலும் குடலிலும் இருக்கின்றன. செரிமான நீர் சுரப்பதை அவை தூண்டக்கூடும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகள் இருக்கின்றன. மனிதர்களிடம் பெரிய அளவில் நடந்த சோதனைகள் குறைவு. எப்படிப் பார்த்தாலும், கேப்ஸ்யூலில் அடைத்து விழுங்கினால் நாக்குக்கு வேலை இல்லாமல் போகிறது. சாப்பாட்டின் தொடக்கத்தில், வாயில் படும்படி சாப்பிடுவதே முறை. வங்காளிகள் மதியச் சாப்பாட்டைக் கசப்பான சுக்தோவில் தொடங்குகிறார்கள். நம் வீடுகளில் முதல் பிடிச் சோற்றில் நெய்விட்டு அங்காயப் பொடி பிசைவதும் அந்தக் கணக்குதான்.

பசியே எடுக்கவில்லை, வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை என்றால் போட்டி இரண்டுக்குள்தான்: சுண்டைக்காய், வேப்பம்பூ. என் ஓட்டு சுண்டைக்கு. பச்சைச் சுண்டையைக் கல்லால் ஒரு தட்டுத் தட்டினால் வாய் பிளந்து விதை தெறிக்கும். உடனே தண்ணீரில் போடாவிட்டால் காயும் கறுக்கும், விரலும் கறுக்கும். அலசிவிட்டுப் பருப்போடு கூட்டு வைத்தால் கசப்பு கறியோடு கறியாகக் கலந்து நிற்கும். வற்றலில் இரண்டு சங்கடம். ஒன்று உப்பு: மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். ரத்த அழுத்தக்காரர்கள் தினமும் தொடக்கூடாது. இரண்டாவது எண்ணெய்: பொரியும்போது ஒரு கண் அசந்தால் கரியாகிவிடும். அப்புறம் நாக்கில் நிற்பது சுண்டையின் கசப்பல்ல, கரியின் கசப்பு. வெறும் சட்டியில் சில துளி நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் நிதானமாக வறுப்பது மேல்.

வேப்பம்பூவின் கசப்பு லேசானது, மணமும் உண்டு. பங்குனி சித்திரையில் மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்துக் காயவைத்தால் வருஷத்துக்கும் வரும். உப்பு கிடையாது. நெய்யில் சிவக்க வறுத்து ரசத்தில் கடைசியாகப் போட வேண்டும். கொதிக்கவிட்டால் ரசம் முழுவதும் கசந்துவிடும். கசப்பே பழகாதவர்களும் வற்றலுக்குத் தடை உள்ளவர்களும் இதில் தொடங்கலாம்.

நெஞ்செரிச்சலோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மேலே சொன்ன இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே அமிலம் பொங்குகிற வயிற்றை மேலும் தூண்டுவானேன்? அதற்கு நம் வீட்டுப் பழக்கம் மணத்தக்காளிக் கீரை. தேங்காய்ப்பால் விட்டுக் காரமில்லாமல் சமைத்தால் கசப்பு இருக்கிற இடமே தெரியாது. இந்தக் கீரைக்கு மணத்தக்காளி வற்றல் மாற்றாகாது.

வயிறு இளகிப் போனால் வெந்தயம். 100 கிராமில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து. ஊறினால் கொழகொழவென்று நீரைப் பிடித்துவைக்கும். ஒரு டீஸ்பூனை மோரில் ஊறப்போட்டு விழுங்குவார்கள். அதற்கு மேல் போனால் வயிறு உப்பும். பாகற்காயைப் பொறுத்தவரை, அது நல்ல கறி, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் அதன் சாற்றைக் குடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெந்தயத்துக்கும் பாகலுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதால், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கூட்ட வேண்டும்.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. டெங்கு பரவிய காலத்தில் தமிழக அரசே காய்ச்சிக் கொடுத்தது. பசியைத் தூண்ட மாதக்கணக்கில் குடிக்கிற பானம் அல்ல. கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு கறாரான எல்லை உண்டு. பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு என்று வேப்பெண்ணெய் புகட்டுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் 'லான்செட்' இதழில் பதிவு செய்தார்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். வேப்பம்பூ ரசத்தைத் தெளிவாக இறுத்து, சோற்றில் இரண்டு கரண்டி விட்டுப் பிசைந்து கொடுங்கள். பிள்ளை முகம் சுளித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.