ஒன்று, ஒன்று, பிறகு 5/6

ஏழாம் வகுப்புக்கு மூடுல் (Moodle) என்ற கற்றல் மென்பொருளில் பின்னக் கணக்குத் தேர்வு போட்டிருந்தேன். தப்பாக எழுதினால் ஒரு குறிப்பு வரும், மறுபடி தப்பினால் இரண்டாவது வரும், மூன்றாவது முயற்சியோடு சரி. ஒவ்வொரு தப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். அது மென்பொருளில் முதலிலிருந்தே இருக்கும் அமைப்பு, நான் மாற்றவில்லை.

முதல் வாரம் எல்லோரும் சரியாக முடித்திருந்தார்கள். சந்தேகம் வந்து ஒரு பையன் பின்னால் போய் நின்றேன். 1/2 + 1/3. அவன் 1 என்று தட்டி 'சரிபார்' அழுத்தினான். குறிப்பைப் படிக்கவே இல்லை. மறுபடி 1. இரண்டாவது குறிப்பில் "3/6, 2/6 இரண்டையும் கூட்டு" என்று நானே எழுதி வைத்திருந்தேன். 5/6 போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் அவனுக்குப் போதும். இது எங்கள் ஊர்க் கெட்டிக்காரத்தனம் மட்டுமில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரையன் பேக்கரும் மற்றவர்களும் 2004-இலேயே மாணவர்கள் இப்படி மென்பொருளை ஏய்ப்பதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தப்பு பையன்மேல் இல்லை, என் இரண்டாவது குறிப்பில்.

அதை எடுத்துவிட்டு, பிள்ளைகள் என்னென்ன தட்டியிருக்கிறார்கள் என்று அறிக்கையைப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். கணக்கைப் படித்துப் போட்டுத் தப்பு செய்தவர்களில் பெரும்பாலோர் எழுதியது 2/5: மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. நான் எழுதிய குறிப்போ "பகுதிகளின் மீ.சி.ம. காண்க". அது என் வழியில் அடுத்த படி. அவர்கள் அந்த வழியிலேயே இல்லை.

குறுவிடைக் கேள்வியில் ஒவ்வொரு தப்பு விடைக்கும் தனியாகப் பதில் எழுதி வைக்கலாம். 2/5-க்கு எதிரே இப்படி எழுதினேன்: "அரை தோசை சாப்பிட்டாய். அப்புறம் இன்னும் கொஞ்சம். மொத்தம் 2/5 தோசை என்கிறாய். 2/5 அரையைவிடப் பெரிதா?" மறுநாள் ஒருத்தி திரையைப் பார்த்துச் சிரித்தாள். "சார், சாப்பிடச் சாப்பிடக் குறையுது!"

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. "5 / 6" என்று இடம் விட்டுத் தட்டினால் தப்பு என்று சொல்லிவிடும். பாவம், சரியான விடையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இடம் விட்டதையும் விடையாகச் சேர்த்துவிடுங்கள். 10/12-க்குப் பாதிக்கு மேல் மதிப்பெண்ணும் "சுருக்கிப் பார்" என்ற ஒரு வரியும் போதும். குறிப்பு எதுவானாலும் திரையில் இரண்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, நானே படிக்க மாட்டேன்.

நான் கடைசியாகக் கவனித்தது, எதுவுமே தட்டாத ஒரு பெண்ணை. கட்டம் காலி. நோட்டில் பென்சிலால் 3/6 + 2/6 வரை வந்திருக்கிறாள். "தப்பாப் போட்டா செவப்பா வருது சார்." தப்பு செய்தால்தான் குறிப்பு வரும் என்று நான் அமைத்திருக்கிறேன், தப்புக்குப் பயப்படுகிறவளுக்கு என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை.

இப்போது எல்லாக் கேள்வியிலும் '?' என்பதையும் ஒரு விடையாகச் சேர்த்திருக்கிறேன். அதைத் தட்டினால், "எதுவரை போட்டாய்? நோட்டைக் கொண்டு வா" என்று வரும். சென்ற வாரம் அறிக்கையைத் திறந்தால் ஒரே கேள்விக்குறியாக இருந்தது. முதல் கேள்விக்குறி அவளுடையது.