லிங்க்கில் என்ன சொல் இருக்கட்டும்?

கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்களை நம்பி விடுதி நடத்துகிறீர்களா? மற்ற தளங்களில் லிங்க் கேட்கும்போது, எல்லா இடத்திலும் ‘திருத்தணி மலிவு விடுதி’ என்றே எழுதச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் தாமாகப் பரிந்துரைத்தால் பத்து விதமாகத்தான் எழுதுவார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சொல்லிக்கொடுத்தது வெளிப்பட்டுவிடும். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்த ‘பென்குயின்’ மாற்றம் குறிவைத்தவற்றில் இத்தகைய செயற்கை இணைப்புகளும் உண்டு. ஆகவே சொல்லை எழுதுபவரிடமே விடுங்கள். ஓரிடத்தில் விடுதியின் பெயர் வரட்டும். இன்னோரிடத்தில் ‘மலைப்படி ஏறுமுன் தங்க’ என்று வாக்கியத்தோடு கலந்து வரட்டும்.

தேடும் சொல்லே இல்லாவிட்டால் கூகுளுக்கு எப்படிப் புரியும் என்பது நியாயமான கேள்விதான். லிங்க்கின் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களும், உங்கள் பக்கத்தின் தலைப்பும் அதைச் சொல்லிவிடும். அதற்காக வெறும் ‘இங்கே சொடுக்கவும்’ வேண்டாம். எது திறக்கும் என்று வாசகருக்கே தெரியாது. சொந்தத் தளத்துக்குள் மட்டும் ‘ஆடிக் கிருத்திகை முன்பதிவு’ என்று பளிச்சென எழுதுங்கள். அங்கே தெளிவுதான் முக்கியம். காசு கொடுத்த லிங்க் என்றால் ‘ஸ்பான்சர்டு’ குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்தை மறைப்பது கூகுளின் விதிக்கு விரோதம்.