மனநல ஆலோசகரிடம் முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

மாடு இரண்டு வேளை தீனி எடுக்காவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். பயிரில் மஞ்சள் படர்ந்தால் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் ஓடுகிறோம். ஆனால், வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் உறக்கமும் பசியுமின்றி, வயலுக்குச் செல்ல மனமின்றி முடங்கிக் கிடந்தால், சோம்பல் என்றோ, கிரகக் கோளாறு என்றோ சொல்லிக் காலத்தைக் கடத்திவிடுகிறோம். இத்தகைய நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின், அது சோம்பல் அன்று. கவனிக்கப்பட வேண்டிய மனச்சோர்வாக இருக்கக் கூடும்.

இதற்கான உதவி இன்று கிராமத்தவர்க்கும் எட்டக்கூடிய தூரத்தில் உள்ளது. ஆயினும் முதல் நாள் சென்றவர்களில் சிலர் இரண்டாம் முறை செல்வதில்லை. அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி அறியாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரே நாளில் துன்பம் தீரும் என்று நம்பிச் செல்பவர் ஏமாற்றமடைகிறார்; பித்துப் பிடித்தவன் என்று பெயர் சூட்டிவிடுவார்களோ என்று அஞ்சிச் செல்பவர் வாயே திறப்பதில்லை. ஆகவே அந்த விவரங்களை இங்கு ஒழுங்காக நோக்குவோம்.

யாரிடம் செல்வது?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோய்களில் தனித் தேர்ச்சி அடைந்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சின் வாயிலாகவும் பயிற்சிகளின் வாயிலாகவும் உதவுபவர்கள். சிலருக்குப் பேச்சு மட்டும் போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே பயன் தரும். யாருக்கு எது என்பதை அவர்கள் கலந்து முடிவு செய்வார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் நம் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் முதலில் சொல்லலாம். அவர் வழி காட்டுவார். நேரில் செல்ல இயலாதவர்கள் 14416 என்னும் தொலைபேசி எண்ணில், இரவானாலும் பகலானாலும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். டெலி மானஸ் என்னும் இந்த ஏற்பாடு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது.

முதல் சந்திப்பு

முதல் நாளில் ஆலோசகர் பேசுவது குறைவாகவும், கேட்பது மிகுதியாகவும் இருக்கும். உறக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் நாட்டம் உண்டா, குடும்பத்தில் யார் யார், முன்பு ஏதேனும் நோய் இருந்ததா, இப்பொழுது என்ன மருந்து உட்கொள்கிறீர்கள், மதுப் பழக்கம் உண்டா என்றெல்லாம் வினவுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்றும் நேராகவே கேட்பார். இக்கேள்வியைக் கண்டு திடுக்கிட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. உள்ளே அடக்கி வைத்ததை ஒருவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் பாரம் குறைவதே இயல்பு.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பாத கேள்விக்கு, "இதைப் பின்னர் சொல்கிறேன்" என்று கூறலாம். அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை. பேச்சின் முடிவில், எதைச் சீர்செய்ய விரும்புகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பது என்பவற்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். முதல் நாள் திரும்பும்பொழுது மனம் முன்னிலும் கனமாகத் தோன்றுவதும் உண்டு. ஆறாத புண்ணைக் கழுவும்பொழுது எரிச்சல் உண்டாவதைப் போன்றதே அது. அதற்காக நின்றுவிடலாகாது.

சொன்னது வெளியே போகுமா?

கிராமத்தில் இதுவே பெரிய அச்சம். ஆலோசகர் தாம் கேட்டதை வெளியில் சொல்லலாகாது என்பது அவர் தொழிலின் முதல் விதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று விதித்துள்ளது. கணவருக்கோ, மனைவிக்கோ, ஊர்த் தலைவருக்கோ உங்கள் சம்மதமின்றி அவர் சொல்லமாட்டார். ஆனால் சில விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரும் நிலை, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தமை, நீதிமன்ற ஆணை ஆகியவை அவ்வகையின. எவை இரகசியம், எவை அல்ல என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

அடுத்து வரும் சந்திப்புகள்

ஆலோசகர் கடனைத் தீர்த்து வைப்பவர் அல்லர். மழையை வருவிப்பவரும் அல்லர். அப்படியானால் அவரால் என்ன பயன்? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். விளைச்சல் பொய்த்துக் கடன்பட்ட விவசாயி ஒருவர், "எல்லாம் போயிற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஆலோசகர் அந்த 'எல்லாம்' என்பதைப் பிரித்து எழுதச் சொல்வார். எந்தக் கடன் எப்பொழுது தர வேண்டியது, எதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கேட்கலாம், எதை இந்த வாரமே செய்ய இயலும், எது நம் கையில் இல்லாதது என்று வரிசைப்படுத்தியபின், ஒரு சிறு வேலையை மட்டும் அடுத்த சந்திப்புக்குள் முடித்து வரச் சொல்வார். காலையில் எழுந்து வரப்பைச் சுற்றி வருவதுகூட அவ்வேலையாக இருக்கலாம். மனம் தெளிந்தபின் வேலை செய்வோம் என்று காத்திராமல், சிறு வேலைகளைச் செய்வதன் மூலமே மனத்தைத் தெளியச் செய்வது இம்முறை.

இது வெறும் ஆறுதல் அன்று. கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017-ல் வெளியாயின. மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள், கடும் மனச்சோர்வு உற்றவர்களை 6 முதல் 8 முறை சந்தித்துப் பேசினார்கள். மூன்று மாதங்களுக்குப்பின் இவர்களில் நூற்றுக்கு 64 பேர் கடும் நிலையினின்றும் மீண்டிருந்தனர். இந்த ஆலோசனை பெறாமல் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர் நூற்றுக்கு 39 பேரே. எனவே இரண்டு சந்திப்புகளோடு முடிவு கட்டாமல், குறித்த தவணைகள் முழுவதும் செல்ல வேண்டும்.

சில சந்திப்புகளுக்குப் பின்னும் ஆலோசகரோடு மனம் ஒவ்வவில்லையானால், அதை அவரிடமே சொல்லலாம். வேறொருவரை நாடவும் உரிமை உண்டு. இழிவாகப் பேசுபவரையும், சொந்தத் தேவைக்குப் பணம் கேட்பவரையும், தகாத முறையில் நடப்பவரையும் உடனே விட்டு விலக வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமை

முதலாவது, சோர்ந்திருப்பவரிடம் தனிமையில் பேசுங்கள். கடைத்தெருவிலோ கிராம சபையிலோ அவர் பெயரை எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அறிவுரை கூறுவதைக் குறைத்து, முதல் நாள் துணைக்குச் செல்லுங்கள். பெண்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரோ, மகளிர் சுய உதவிக் குழுவினரோ துணை செல்லலாம். ஆலோசகரின் அறைக்குள் அவர் அழைத்தாலன்றி நுழைய வேண்டாம், வெளியே வந்தபின் "என்ன கேட்டார்?" என்று துருவவும் வேண்டாம்.

மூன்றாவது, மருந்து எழுதித் தரப்பட்டிருந்தால், உடல் தேறியதாகத் தோன்றியவுடன் தாமே நிறுத்திவிடாதபடி நினைவூட்டுங்கள்.

நான்காவது, வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை வாய்ப்பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 ஊர்தியை அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு உள்ளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசாங்கத்தின்மீது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்தியுள்ளது. ஆகையால் வழக்குக்கு அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை.

சாலையும் குடிநீரும் அமைப்பதற்குத் திட்டமும் நிதியும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகின்றன. சோர்ந்த ஒருவரை ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல ஒரு பகற்பொழுது போதும். 14416 என்னும் எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நியாயவிலைக் கடையிலும், பால் சங்கத்திலும் அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்து, இப்பணியை இம்மாதமே தொடங்குவோமாக.