வறட்சிக் காலத்தில் தவளை லயத்துக்கு வருவது ஏன்?



சென்ற பெப்ரவரி மாத வறட்சியில் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். குளிக்கும் அறை வாசலில் ஓர் அம்மா கை நிறைய உப்போடு நின்றார். "ஐயா, தெனமும் தவக்கள உள்ள வருது. வெரட்டினாலும் திரும்பி வருது, ஏதோ கெட்ட சகுனமோ தெரியல" என்றார். சகுனம் ஒன்றுமில்லை, அதற்குத் தண்ணீர்த் தாகம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இம்முறை இந்தப் பாடம்.

தவளை நம்மைப் போல் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, வயிற்றுத் தோலாலும் தொடைத் தோலாலும் உறிஞ்சிக்கொள்ளும். நுரையீரலோடு தோலாலும் அது மூச்சு விடுகிறது. அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். தண்ணீரை இலேசாக உள்ளே விடும் அதே தோல், வெயிலும் காற்றும் பட்டால் இலேசாக வெளியேயும் விட்டுவிடும். காய்ந்த தரையில் பகலில் மாட்டிக்கொண்ட தவளை கொஞ்ச நேரத்திலேயே வாடிவிடும். உப்புப் போட்டாலும் இதேதான் நடக்கிறது. உடம்புத் தண்ணீரை உப்பு தோல் வழியே வெளியில் இழுக்கிறது. உயிரோடு காய வைப்பது போலத்தான்.

அடுத்தது சூடும் குளிரும். நம் உடம்பு வெளியில் குளிரடித்தாலும் ஒரே சூட்டில் இருக்கும். தவளைக்கு அப்படி இல்லை. வெளியில் என்ன குளிரோ உடம்பிலும் கிட்டத்தட்ட அதே குளிர். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற இராத்திரியில் அதன் கைகால் விறைத்து, இரை தேடக்கூட நகராது. கல்லிடுக்கிலோ மண்ணுக்குள்ளோ ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே குளிர் தணிந்து, தரையும் நனைந்திருக்கிற இராத்திரிதான் அது தாராளமாக நடமாடும் நேரம். மழை வரும்போது காணோரம் பூராவும் சத்தம் கேட்பது இதனால்தான். கத்துவது ஆண் தவளை, பெண் தவளையைக் கூப்பிடுகிறது. மழையை அது கூப்பிடுவதில்லை, ஈரக் காற்று வந்ததும் அதற்குத் தெம்பு வருகிறது.

முட்டைக்கும் ஈரம் வேண்டும். நம் மலைநாட்டுத் தவளைகளில் ஒரு விசேஷம் உண்டு. தவளை என்றால் குளத்தில் முட்டையிட்டு, வால் உள்ள குஞ்சு நீந்தி வளரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்குள்ள சிறு செடித்தவளைகள் பல அப்படிச் செய்வதில்லை. ஈர மண்ணைக் கிண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். சில வாரம் கழித்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் தேவையில்லை, ஆனால் அத்தனை நாளும் மண் காயக்கூடாது. கண்டி, பதுளை போன்ற உயரம் குறைந்த பக்கங்களில் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலோ அதன் மேல் தொங்கும் இலையிலோ வெள்ளை நுரை கண்டிருப்பீர்கள். அது பாம்பு கக்கியதல்ல, மரத்தவளையின் முட்டைக் கூடு. நுரைக்குள் ஈரம் நிற்கும். பொரித்த குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழும்.

இலங்கையில் ஏறத்தாழ 120 வகைத் தவளை, தேரைகள் உள்ளன. பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லை. பதினைந்துக்கு மேற்பட்டவை அழிந்தே போய்விட்டன. 1853 இல் நுவரெலியாவிலிருந்து எழுதி வைக்கப்பட்ட ஒரு புள்ளித் தவளையும் அழிந்ததென்றே கருதப்பட்டது. 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. நுவரெலியாவைச் சுற்றிக் காடு போய்த் தேயிலை வந்ததை உங்கள் பாட்டன் பூட்டன்மாரின் கைகளே அறியும்.

தேயிலை மலையிலும் தவளைக்கு இடமுண்டு. செடி நிழல் விழுந்து தரை குளிர்ந்திருக்கும். ஆனால் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டும்போது அந்த நிழல் ஒரே நாளில் போய்விடும். வெட்டிய மிலாறு முழுவதையும் விறகுக்குக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் மண் வெயிலில் வெடிக்கும். விறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அடுப்பு எரியவேண்டுமே! தடித்த கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய மிலாறையும் இலையையும் மலையிலேயே விடுங்கள். மண்ணில் ஈரம் நிற்கும், தேயிலைச் செடிக்கும் அதுவே உரம். மலையில் ஈரமில்லாத தவளை வேறு எங்கே போகும்? பீலியடிக்கும், குளிக்கும் அறைக்கும், ஒழுகும் குழாய்க்கும்தான்.

தவளையைத் தேடிப் பாம்பு வரும் என்ற பயம் பொய்யல்ல. நுணல் தன் வாயால் கெடும் என்பதும் சும்மா சொன்னதல்ல. அதற்குத் தவளையைக் கொல்வதால் பலனில்லை. ஈரம் இருக்கும் வரை அடுத்தது வரும். ஒழுகும் குழாயைக் கட்டுங்கள், வாசலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கதவுக்கடியில் உள்ள இடைவெளியை அடையுங்கள். பானை, பீப்பாய்களை மூடி வைத்தால் நுளம்பும் பெருகாது. இராத்திரி வெளியே இறங்கினால் டோர்ச் இல்லாமல் இறங்கவேண்டாம்.

உள்ளே வந்துவிட்ட தவளையை ஒரு வாளியால் மூடி, அடியில் மட்டை ஒன்றைச் செருகித் தூக்கி, நிழலான காணோரம் விடுங்கள். வெயிலில் எறியவேண்டாம். சொரசொரப்பான தேரையாக இருந்தால் அதன் காதுக்குப் பின்னால் உள்ள புடைப்பில் நஞ்சுப் பால் உண்டு. பிள்ளைகள் அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல், முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். நாய் கவ்வி வாயில் நுரை தள்ளினால் அதன் வாயை நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.