மூடியைத் திறந்ததும் இயர்பட்ஸ் எங்கே போகிறது?

கேள்வி: ஐயா, ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன். பழைய போனில் ஒரு தொந்தரவும் இல்லாமல் வேலை செய்தது. தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கினேன். பழையதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது புதுப் போனின் ப்ளூடூத் பட்டியலில் பட்ஸின் பெயர் சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரிவதே இல்லை. தெரியும்போது தொட்டால் 'இணைக்க முடியவில்லை' என்று வருகிறது. கேஸிலிருந்து எடுத்தவுடன் விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள் இணைந்தது. அன்றைக்கும் வலது காதில் மட்டும்தான் பாட்டு கேட்டது. கடைக்காரர், "உள்ளே போர்டு போயிருக்கும், ரிப்பேர் கிடையாது, புதுசு வாங்கிக்கங்க" என்கிறார். என் தம்பியோ, "போன் புதுசு, பட்ஸில் இருப்பது பழைய ப்ளூடூத் வெர்ஷன், ரெண்டும் ஒத்துப்போகாது" என்கிறான். யார் சொல்வது சரி?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாகத் தெரியவில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: பழைய போனை மகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது. அந்தப் போன் உங்கள் வீட்டிலேயேதானே இருக்கிறது? அதில் ப்ளூடூத்தும் ஆன் ஆகியிருக்கும்.

கேஸின் மூடியைத் திறந்ததும் பட்ஸ் விழித்துக்கொள்ளும். உடனே அது புதிய போன் எதையும் தேடாது. கடைசியாக எதனோடு பேசியதோ அதைத்தான் முதலில் கூப்பிட்டுப் பார்க்கும். மகளின் போன் அடுத்த அறையில் இருந்தாலும், சுமார் 10 மீட்டருக்குள் என்றால், ஒரு சத்தமும் இல்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடு இணைந்துவிட்ட பட்ஸ் பெரும்பாலும் மற்ற போன்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. உங்கள் பட்டியலில் பெயர் இல்லாமல் போவது அதனால்தான். மகள் போனோடு வெளியே போயிருக்கும் நேரத்தில் பட்ஸுக்குத் தெரிந்த போன் எதுவும் அகப்படாது. அப்போது அது பேரிங் நிலைக்கு வரும், உங்களுக்குப் பெயர் தெரியும். விளக்கு இரண்டு முறை மினுக்கி அணைவதும் இதைத்தான் சொல்கிறது. மாடலுக்கு மாடல் விளக்கின் பாஷை மாறும் என்றாலும், இணைப்புக்காகக் காத்திருக்கும் பட்ஸ் பொதுவாக விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். சட்டென்று அணைந்துவிட்டால் அதற்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பெயர் தெரிந்தும் இணையாததற்குக் காரணம் வேறு. முதல் தடவை பேரிங் செய்யும்போது போனும் பட்ஸும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. அடுத்த தடவையிலிருந்து அந்தச் சாவி பொருந்தினால்தான் கதவு திறக்கும். ஒரு பக்கம் அதைத் தொலைத்துவிட்டு மறுபக்கம் பழையதையே நீட்டிக்கொண்டிருந்தால், போன் 'இணைக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிடும். அந்த ஒரு நாள் உங்கள் போனுக்கு ஒரு சாவி கிடைத்திருக்கிறது. அதன் பிறகு பட்ஸை யாராவது ரீசெட் செய்திருந்தால், அல்லது அன்று வலது பட் மட்டும் தனியாக உங்கள் போனோடு சேர்ந்திருந்தால், அந்தச் சாவி இன்று செல்லாது.

ஆகவே, சாவிகளை எல்லாப் பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பலர் தங்கள் போனில் மட்டும் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். மகளின் போனில் ப்ளூடூத் செட்டிங்ஸைத் திறந்து, பட்ஸின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு, 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். வீட்டில் லேப்டாப், டேப்லெட், ஸ்மார்ட் டிவி என்று எதனோடாவது எப்போதாவது இணைத்திருந்தால் அங்கேயும் இதே வேலை. திரையை இழுத்து ப்ளூடூத் படத்தை ஒரு தட்டு தட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஐபோனில் அப்படிச் செய்தால் இணைப்பு அன்றைக்கு மட்டும்தான் அறும். மறுநாள் தானாகத் திரும்பிவிடும். கடைசியாக உங்கள் போனிலும் பெயரை அழித்துவிட்டு, போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

அடுத்து பட்ஸை ரீசெட் செய்ய வேண்டும். எதை அழுத்துவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பெரும்பாலானவற்றில் இரண்டு பட்ஸையும் கேஸில் வைத்து, மூடியைத் திறந்தபடி, கேஸின் பொத்தானையோ பட்ஸின் தொடு பரப்பையோ 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். விளக்கின் நிறமோ மினுக்கலோ மாறினால் ரீசெட் ஆகிவிட்டது. ஏர்பாட்ஸில், கேஸின் பின்புறம் பொத்தான் உள்ள மாடல்களில், சுமார் 15 விநாடி பிடித்தால் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிப் பிறகு வெள்ளையாகும். பெட்டியோடு வந்த தாளில் உங்கள் மாடலுக்கான முறை இருக்கும். அந்தத் தாளை வைத்திருக்கிறவர்கள் குறைவு, தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள்.

ரீசெட் ஆனதும் அவசரப்பட்டு ஒரு பட்டை மட்டும் வெளியே எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்துச் சில விநாடி பொறுங்கள். அந்த நேரத்தில் இடதும் வலதும் முதலில் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும். பிறகு போனில் தேடினால் ஒரே ஒரு பெயர் தெரிய வேண்டும். இடது, வலது என்று இரண்டு தனிப் பெயர்கள் வந்தால் அவை இன்னும் சேரவில்லை. திரும்பக் கேஸில் போட்டு மறுபடி ரீசெட் செய்யுங்கள். சில மாடல்களில் ஒரே பெயர் இரண்டாகத் தெரியும், ஒன்றின் முன்னால் 'எல்ஈ' என்ற எழுத்துகள் இருக்கும். அது ஆப்புக்கான வாசல். அந்த எழுத்துகள் இல்லாத பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

வலது காதில் மட்டும் கேட்டதை நான் லேசாக விடமாட்டேன். ஜோடி பிரிந்ததாகவும் இருக்கலாம், இடது பட் சார்ஜே ஏறாமல் இருந்ததாகவும் இருக்கலாம். பட்ஸின் அடியிலும் கேஸின் குழியிலும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கின்றன பாருங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் காதுக் குறும்பியும் சேர்ந்து அவற்றின் மேல் படலம் கட்டும். உங்கள் ஊர் மாதிரி கடற்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் சொல்லவே வேண்டாம். படலம் இருந்தால் சார்ஜ் ஏறாது. அதைவிட வேடிக்கை, தான் கேஸுக்குள் இருப்பதே பல பட்ஸுக்குத் தெரியாமல் போகும். உள்ளே கிடந்தபடியே போனோடு இணைந்து பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். கேஸில் வைத்ததும் இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறுவதற்கான அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். போகாத பிசுக்கென்றால் மெடிக்கலில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் குச்சியை லேசாக நனைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வேண்டாம், ஊக்கு ஊசியால் சுரண்டவும் வேண்டாம். அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கும் வைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள். அரிசித் தூசி போய் அந்தக் குழியில்தான் உட்காரும்.

சிலிக்கான் முனையைப் பெரிய அளவுக்கு மாற்றியிருந்தால் பட் குழியில் முழுதாக உட்காராமலும் போகலாம். மாதக்கணக்கில் மேஜை அறையில் கிடந்த பட்ஸ் என்றால் அதன் பேட்டரி அடியோடு வடிந்திருக்கும். பல பட்ஸில் உள்ளது 30 முதல் 60 மில்லியாம்பியர் மணி அளவுள்ள சிறு பேட்டரிதான்; இரண்டு மணி நேரமாவது கேஸில் வைத்து, கேஸையும் சார்ஜில் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

உங்கள் தம்பி சொன்ன வெர்ஷன் விஷயத்துக்கு வருவோம். புதிய ப்ளூடூத் பழையதை ஒதுக்காது. 5.3 உள்ள போன் 4.2 உள்ள பட்ஸோடு இணையும், பாட்டும் கேட்கும். 2020இல் 5.2 வெர்ஷனை ஒட்டி வந்த 'எல்ஈ ஆடியோ' போன்ற புது வசதிகளுக்குத்தான் இரண்டு பக்கமும் புதிதாக இருக்க வேண்டும். வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு இவையும் ப்ளூடூத்தின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கலாம். பேரிங்கே ஆகாததற்கு அவை காரணமாவது அபூர்வம்.

கம்பெனியின் ஆப் வழியாக இணைக்கிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள போன்களில் அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இலிருந்து அருகிலுள்ள சாதனங்கள் என்ற தனி அனுமதி கேட்கும். மறுத்திருந்தால் 'பட்ஸ் கிடைக்கவில்லை' என்றே ஆப் சொல்லிக்கொண்டிருக்கும். நேராக செட்டிங்ஸிலேயே இணைத்துவிடுங்கள், பாட்டு கேட்க ஆப் தேவையில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் என்று போனில் ஒன்று உண்டு. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சேரவில்லை என்றால், இதுவரை அந்த பட்ஸோடு இணையாத ஒரு போனை, பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் சரி, வாங்கி இணைத்துப் பாருங்கள். அதில் சேர்ந்தால் கோளாறு உங்கள் போனில். அதிலும் சேராவிட்டால்தான் பட்ஸைச் சந்தேகிக்க வேண்டும். மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று சொன்னவரின் பேச்சை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பட்ஸிலேயே பழுது என்று தெரிந்தாலும், இத்தகைய சாதனங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டி உண்டு. உங்களுடையதுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. வெளியில் யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள், பிரித்தால் வாரண்டி போய்விடும். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.