சிகிச்சை இடைநிற்க வேண்டா: ஆய்வு தரும் நம்பிக்கையும் அரசு தரும் உதவியும்

“அறுவடை முடிந்து நெல் பணம் வரட்டும், அடுத்த ஊசிக்கு அப்போது வருகிறோம்.” டெல்டாப் பகுதிக் குடும்பங்கள் பல, புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவே இம்முடிவுக்கு வந்துவிடுகின்றன. மருந்தேற்றும் சுழற்சிகளுக்கு இடையேயுள்ள நாட்கள், உடலின் நலமான செல்கள் தேறுவதற்காகக் கணக்கிட்டு வகுக்கப்பட்டவை. இடைவெளி நீண்டால், எஞ்சிய புற்றுச் செல்களும் மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகவே, பணத்தட்டுப்பாடு ஏற்பட்டால் சிகிச்சையை நிறுத்தும் முன் உதவி கேட்டறிதல் இன்றியமையாதது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

புதிய சிகிச்சை என்றாலே பெருஞ்செலவு என்று எண்ண வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில், இந்தியாவின் 11 மையங்களில் 1,600 பெண்கள் பங்கேற்ற மார்பகப் புற்றுநோய் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன், கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போடப்பட்டது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகச் செய்யும் அதே மலிவான மருந்துதான் இது. ஐந்தாண்டுகளுக்குப் பின், ஊசி பெற்றோரில் 90.1 விழுக்காட்டினரும், பெறாதோரில் 86.4 விழுக்காட்டினரும் உயிர்வாழ்ந்தனர்.

அதே மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் மற்றோர் ஆய்வு நடத்தியது. நிவோலுமாப் என்னும் விலையுயர்ந்த நோயெதிர்ப்பு மருந்து, வழக்கமாக இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தரப்படுவது. இங்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மருந்துகளுடன் சேர்த்துத் தரப்பட்டது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர்.

இவை எல்லா நோயாளருக்கும் பொருந்துவன அல்ல. உங்களுக்கு ஏற்றதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் குறைத்துக்கொள்ளுதல் கூடாது.

நிதியுதவி பெறும் வழிகள்

1. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தை அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 425 3993. சிகிச்சைக்கு முன்னரே அனுமதி பெற வேண்டும்.

2. பிரதமரின் தேசிய நிவாரண நிதி: புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்று தேவை.

3. ரயில் கட்டணச் சலுகை: கும்பகோணத்திலிருந்து உழவன் விரைவு வண்டியில் சென்னைக்குச் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளருக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. மருத்துவமனை தரும் சலுகைச் சான்றை நிலைய முன்பதிவு மையத்தில் காட்டுக.

இன்றே செய்ய வேண்டுவன

நோய் உறுதியானதும், சிகிச்சை எத்தனை சுழற்சி, மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டில் எது அடங்கும் என மருத்துவரிடமும் காப்பீட்டு உதவி மையத்திலும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைக்கும் முன், நிலத்தை விற்கும் முன், இக்கேள்விகளுக்கு விடை பெறுங்கள். வர இயலாத நிலை ஏற்பட்டால், குறித்த நாளுக்கு முன்பே மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். வழி காண்பதற்கு அப்போது காலம் இருக்கும்.